மர்ஜான் தீவுச் சுல்தானின் தோர்ண்டன் ஹீத் வாரிசு

பேரரசுகள் வாளால் எழுந்தன, வணிகத்தால் வளர்ந்தன என்று எழுதிவைத்த அறிஞர் பெருமக்கள் எச்சிலின் வல்லமையை அறியாதவர்கள். தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்துக்கு எதிரே, கோழிப் பொரியல் கடையின் மேல்மாடியில் ஒரு மனிதர் சிறிய குழாய் ஒன்றுக்குள் துப்பினார். அதைத் தபாலில் அனுப்பினார். சில வாரங்களில் அரச பரம்பரையில் ஒருவரானார். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் கைப்பற்றப்பட்ட சிம்மாசனம் உலக வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அம்மனிதர் திரு. கிருஷ்ணராசா. ஒல்லாந்தில் ரோசாப் பூக்களுக்கு முள் நீக்கும் கம்பனியில் பல வருடம் வேலைசெய்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். இப்போது 'அன்புக்கரம்' என்ற முதியோர் பராமரிப்பு நிறுவனத்தின் உரிமையாளர். ஆங்கில முதியவர்களைக் குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற, மாத்திரை கொடுக்க ஊரிலிருந்து விசா எடுத்து ஆட்களைக் கூப்பிட்டார். வந்தவர்களை அவர் ஒருநாளும் 'தொழிலாளர்' என்று அழைத்ததில்லை. "எங்கட குடும்பம்" என்பார். குடும்பம் என்றபடியால் கோலியர்ஸ் வுட்டில் தமக்குச் சொந்தமான ஒரே வீட்டில் அத்தனை பேரையும் குடியமர்த்தினார். குடும்பம் என்றபடியால் லீவு போன்ற அந்நியப் பழக்கங்களை அவர்களிடையே புகவிடவில்லை. லண்டன் பொல்லாத ஊர், பொருட்கள் தொலைந்துபோகும் என்பதால் அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை ஹீத்ரோ விமான நிலையத்திலேயே வாங்கித் தமது அலுவலகத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரு தகப்பன் செய்கிற வேலை அது.

அறுபதாவது பிறந்தநாளுக்கு மனைவி ரஜனி வாங்கிக் கொடுத்த பரிசுதான் எச்சிலை வைத்துப் பூர்வீகம் சொல்லும் அந்த மரபணுச் சோதனைக் குழாய். அரைவிலைக்குப் போட்டிருந்ததால் வாங்கினார். முடிவு போனுக்கு வந்தபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தொண்ணூற்றேழு வீதம் தென்னிந்தியா, இலங்கை" என்று ரஜனி வாசித்தார்.

"அது எல்லாரிட்டயும் இருக்கும். மிச்சம்?"

"மூண்டு வீதம் அரேபியத் தீபகற்பம்."

கிருஷ்ணராசா கையைக் கழுவாமலே எழுந்து நின்றார். "நான் அப்பவே யோசிச்சனான். எனக்குப் பேரீச்சம்பழம் எண்டா உயிர்."

"உங்களுக்கு எல்லாச் சாப்பாடும் உயிர்" என்றார் ரஜனி. அந்த அம்மையாருக்கு வரலாற்று உணர்வு குறைவு.

அன்று மாலைக்குள் கிருஷ்ணராசா தம் முன்னோரைக் கண்டுபிடித்துவிட்டார். ஆப்பிரிக்கக் கரையோரத்தில் மர்ஜான் என்றொரு கராம்புத் தீவு. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அரபு வம்சத்துச் சுல்தான் முர்ஷித் பின் நாசிர். இணையத்தில் கிடைத்த பழைய புகைப்படத்தில் அதே தொந்தி, அதே மீசை, கமராவைப் பார்க்கும் அதே சந்தேகப் பார்வை. சான்றுகள் இதற்குமேல் தேவைப்படுவோர் பொறாமைக்காரர்கள்.

சான்று கிடைத்தபின் அங்கீகாரம் வேண்டும். கிருஷ்ணராசா 'அனைத்துலகத் தமிழர் தொன்மைப் பேரவை'யின் தலைவர். கலைப் பொறுப்பாளர் ஒருவரைத் தவிர, பேரவையில் மீதி ஏழு பேரும் உபதலைவர்கள். அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பேரவையின் கலைப் பொறுப்பாளரும் நாடக இயக்குநருமான சுபாஸ்கரன் மட்டும் ஒரு சிறிய ஐயத்தைக் கிளப்பினார்.

"அண்ணை, சுல்தான் அரபுக்காரர் எல்லோ. எங்கட பேரவை தமிழரின்ர தொன்மைக்குத்தானே?"

கிருஷ்ணராசா பொறுமையாக விளக்கினார். "சுல்தான் என்னட்ட மூண்டு வீதம் வந்திருக்கிறார். அப்ப நாங்களும் சுல்தானிட்ட ஒரு மூண்டு வீதம் போயிருப்பம்தானே?"

மறுக்க முடியாத கணிதம். "மூன்று வீதத் தமிழ்ச் சுல்தான்" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவரின் அறுபதாம் ஆண்டை முன்னிட்டுச் சுல்தானின் வாழ்க்கையை நாடகமாக மேடையேற்றுவது, சுல்தானாகத் தலைவரே நடிப்பது என்றும் முடிவாயிற்று. பிறகு எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள்.

நாடகம் எழுதச் சந்திரவதனா அழைக்கப்பட்டார். இந்து சமுத்திரத் தீவுகளின் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தின் பயனாக ஓர் ஆங்கிலப் பாடசாலையில் பன்னிரண்டு வயதுக்காரருக்கு ரோமாபுரியின் வீதிகளைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தார். தம் ஆராய்ச்சித் தீவின் பெயரை ஒரு தமிழர் வாயால் கேட்ட மகிழ்ச்சியில் மறுநாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"இது நீங்கள் அனுப்பின படம்" என்றார். "இதில நீங்கள் வட்டம் போட்டுக் காட்டினது சுல்தானை இல்லை. அது அவரின்ர சமையல்காரன். சுல்தான் பக்கத்தில கதிரையில இருக்கிற மெல்லிய ஆள்."

கிருஷ்ணராசா தளரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே அரண்மனைதானே ரீச்சர். நீங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கோ."

சந்திரவதனா சொன்னார். "தகப்பன் ஓமான் பக்கத்தில இருந்து கப்பலோட வந்து தீவைப் பிடிச்சவர். முர்ஷித் நாலாவது மகன்."

"நாலாவது மகன் எப்பிடி அரசரானவர்?"

"மூத்தவரை விருந்துக்குக் கூப்பிட்டு, நித்திரையாக்கி, பம்பாய்க் கப்பலில ஏத்தி அனுப்பிப்போட்டார். ரெண்டாவது ஆள் கிணத்துக்குள்ள விழுந்திட்டார். மூண்டாவது ஆள் அதைப் பாத்திட்டு, தனக்கு அரசியலில விருப்பமில்லை எண்டு எழுதிக் குடுத்திட்டார்."

"நிர்வாகத் திறமை" என்றார் கிருஷ்ணராசா. "இப்பிடி எழுதுங்கோ: சகோதரரின் வெளிநாட்டுப் பயணச் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டவர்."

சுல்தானின் வாழ்க்கை வளர்ந்தது. ஒரே ஒரு தளம் மட்டும் கொண்ட அரண்மனைக்கு அவர் லண்டனிலிருந்து லிஃப்ட் ஒன்றை வரவழைத்தார். அது ஏறிப்போக இடமில்லாததால் மாலை நேரங்களில் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருப்பார். நாடகப் பிரதியில் இது 'தியானம்' ஆயிற்று. ஜெர்மனியிலிருந்து ஒரு வாத்தியக் குழுவைக் கூப்பிட்டார். குழுவுக்கு ஒரு பாட்டுத்தான் தெரியும். திருமணத்துக்கும் மரணத்துக்கும் அதையே வாசித்தார்கள். இது 'சமத்துவம்' ஆயிற்று.

"கராம்புத் தோட்டத்தில ஆயிரக்கணக்கில அடிமையள் இருந்தவை" என்று சந்திரவதனா தொடர்ந்தார்.

"அந்தச் சொல்லு வேண்டாம் ரீச்சர். கவுன்சிலர் ஒராளையும் கூப்பிட்டிருக்கிறம். 'குடும்பம்' எண்டு போடுங்கோ."

சந்திரவதனா அவரைப் பார்த்தார். பிறகு சொன்னார். "பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து அரண்மனைப் பக்கம் பீரங்கியைத் திருப்பினது. உடன சுல்தான் எல்லாரையும் விடுதலை செய்யிறன் எண்டு கையெழுத்து வைச்சார்."

"பாத்தியளோ மனிதாபிமானத்தை."

"அடுத்த கிழமை இன்னொரு சட்டம் போட்டார். விடுதலையான ஆக்கள் தங்கட பெயர் போட்ட சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளிய போகேலாது. எல்லாருக்கும் ஒழுங்காச் சீட்டு அடிச்சார். அடிச்ச சீட்டுகளைத் தன்ர படுக்கையறைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டினார். ஏன் எண்டு கேட்ட வெள்ளைக்காரருக்கு அவர் சொன்ன பதில், 'பத்திரத்துக்கு.'"

கிருஷ்ணராசாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தம்மையறியாமல் மூலையிலிருந்த இரும்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இரத்தம் பேசுது ரீச்சர்" என்றார் தழுதழுத்த குரலில். "நான் எந்தப் புத்தகமும் படிக்கேல்லை. ஆனா நானும் அதைத்தான் செய்தனான்."

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"குடும்பத்தின்ர பாஸ்போட்டுகள்."

சந்திரவதனா பேனையை மூடி மேசையில் வைத்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அறிஞர்கள் பெருமிதத்தில் வாயடைத்துப்போவது உண்டு என்று கிருஷ்ணராசா கேள்விப்பட்டிருந்தார்.

"நாடகத்தை எங்க முடிப்பம்?" என்று கடைசியில் கேட்டார் சந்திரவதனா.

"சுல்தான் பெட்டியைத் திறந்து, தன்ர கையாலேயே எல்லாருக்கும் சீட்டுக் குடுக்கிறார். சனம் எழும்பி நிண்டு கைதட்டுது."

"அப்பிடி நடக்கேல்லை. அவர் செத்த பிறகுதான் பெட்டியைத் திறந்தவை. சீட்டில பெயர் இருந்த ஆக்களில அரைவாசிப் பேர் அதுக்கு முதலே செத்திட்டினம்."

"நாடகத்தில நடக்கட்டும்" என்றார் கிருஷ்ணராசா பெருந்தன்மையோடு.

சந்திரவதனா பேனையைத் திரும்ப எடுத்தார். "ஓம். நாடகத்தில நடக்கட்டும்."

இத்தகைய உயர்ந்த பணிகளுக்கிடையே சின்னத் தொல்லைகளும் வரத்தான் செய்யும். அந்த வாரம் குடும்பத்தைச் சேர்ந்த சிவரூபினி அலுவலகத்துக்கு வந்தார். வவுனியாவில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்ததால் நின்றபடியே கண் சொருகியது.

"ஐயா, வால்தம்ஸ்டோவில ஒரு கெயார் ஹோமில வேலை தாறம் எண்டினம். விசா ஸ்பொன்சரும் அவையே செய்யினமாம். பாஸ்போட்டை நேரில பாக்கவேணும் எண்டு கேக்கினம்."

"ஏன் பிள்ளை, இஞ்ச என்ன குறை?"

"குறை எண்டில்லை ஐயா. அங்க இரவில நித்திரை கொள்ளலாம்."

கிருஷ்ணராசாவின் நெஞ்சு புண்பட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "வால்தம்ஸ்டோ எங்க இருக்கெண்டு தெரியுமோ? லண்டனின்ர மற்ற அந்தம். ரெயில் மாறி மாறிப் போகவேணும். வழியில தொலைச்சுப்போட்டு வந்து நிண்டா உன்ர அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? மணிவிழா முடியட்டும், பிறகு பாப்பம்."

"போன வருசம் பொங்கல் முடியட்டும் எண்டனீங்கள் ஐயா."

"பொங்கல் முடிஞ்சுதுதானே" என்றார் கிருஷ்ணராசா. வாக்குத் தவறாதவர்.

சிவரூபினி போகும்போது அவரையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார். உண்மையில் குடும்பம் முழுவதையுமே சேர்க்க வேண்டியிருந்தது. பேரவையின் உபதலைவர்கள் ஏழு பேரும் அமைச்சராக மட்டுமே நடிப்போம் என்று கொள்கைப்பிடிப்போடு நின்றதால், தோட்டத்து ஆட்களாக நடிக்க வேறு நாதியில்லை. குடும்பத்தவர்கள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நேரே ஒத்திகைக்கு வந்தார்கள். சாக்குத்துணி உடுப்பில் அவர்கள் சோர்ந்து நிற்பதைப் பார்த்துச் சுபாஸ்கரன் வியந்தார். "ஒப்பனையே தேவையில்லை அண்ணை. கண்ணுக்குக் கீழ கறுப்பு எல்லாம் தானா வந்திருக்கு."

கடைசிக் காட்சி மட்டும் சரிவரவில்லை. சுல்தான் பெட்டியைத் திறந்து கார்ட்போர்ட் சீட்டுகளைக் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், கடையில் பில் வாங்குவதுபோல. சுபாஸ்கரன் தலையில் கை வைத்தார்.

"விடுதலை கிடைச்சிருக்கு. கொஞ்சம் சந்தோசம் காட்டுங்கோ."

"கார்ட்போட்டைப் பாக்கச் சந்தோசம் வருதில்லை அண்ணை" என்றார் சிவரூபினி. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். "கையில உண்மையா ஒரு சாமான் இருந்தா முகத்தில தானா வரும்."

பின்வரிசையில் அமர்ந்திருந்த சந்திரவதனா மெதுவாகச் சொன்னார். "நகரத்துக்குள்ள பெரிய அரங்குகளில இப்ப அப்பிடித்தான். மேடையில வைக்கிற ஒவ்வொரு பொருளும் அசல். விமர்சனம் எழுதுற ஆக்கள் முதல்ல அதைத்தான் பாப்பினம்."

கிருஷ்ணராசா தாடையைத் தடவினார். கலைக்காகத் தியாகம் செய்த மாமனிதர்கள் வரிசையாக அவர் மனக்கண்முன் வந்துபோனார்கள். அவர்களில் யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் வந்துபோனார்கள்.

"சரி" என்றார். "பாஸ்போட்டுகளையே கொண்டுவாறன். ஆனா சீன் முடிஞ்ச உடன திருப்பி என்ர கையில தரவேணும். விளங்குதே?"

"விளங்குது ஐயா" என்றார்கள் எல்லோரும். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் பேசி அவர் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், தோர்ண்டன் ஹீத் சமூக மண்டபம் நிரம்பியது. சிறப்பு விருந்தினராகக் கவுன்சிலர் ஷெறோன் முன்வரிசையில் இருந்தார். அவர் கவுன்சிலில் எந்தப் பிரிவைக் கவனிக்கிறார் என்று கிருஷ்ணராசா விசாரிக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் அவருக்குப் போதும். பக்கத்தில் அமர்ந்து சந்திரவதனா காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடகம் மகத்தான வெற்றி. தமையனார் பம்பாய்க்குச் 'சுற்றுலா' போனார். சுல்தான் லிஃப்டுக்குள் தியானம் செய்தார். அமைச்சர்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் மறைத்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். பீரங்கிச் சத்தத்துக்கு ஒரு குழந்தை அழுதது. பிறகு கடைசிக் காட்சி. தங்கநிறத் தாள் ஒட்டிய பெட்டியைச் சுல்தான் திறந்தார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கிருஷ்ணராசா பெயரைப் படித்துக் கூப்பிட்டு, ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக எடுத்து நீட்டினார். முதலாவது ஆள் அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். மண்டபத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. சிவரூபினி இரண்டு கைகளாலும் வாங்கினார். வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தார். மூன்று வருடத்தில் அந்தப் பெண் தன்னை நிமிர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை என்று கிருஷ்ணராசாவுக்குத் தோன்றியது. இவ்வளவு நல்ல மனிதனாக இருப்பது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நாடகப்படி, விடுதலை பெற்றவர்கள் மேடையிலிருந்து இறங்கி, சபையின் நடுவே நடந்து பின்கதவால் வெளியேற வேண்டும். பிறகு பக்கத்துக் கதவால் உள்ளே வந்து வணங்க வேண்டும். அவர்கள் இறங்கினார்கள். நடந்தார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பின்கதவு திறந்தது. பின்னேர வெயில் உள்ளே விழுந்தது. கதவு மூடியது.

பக்கத்துக் கதவு திறக்கவில்லை.

வாத்தியம் இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது. சுபாஸ்கரன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து காதுக்குள் சொன்னார். "அண்ணை, வாசலில சாக்கு உடுப்புகள் மட்டும்தான் கிடக்கு. ஸ்டேசனுக்குள்ள எல்லாரும் இறங்கிப் போனவையாம்."

கிருஷ்ணராசா சிரித்த முகம் மாறாமல் சனத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். மண்டபத்துக்குள் இருநூறு பேர் அவருக்காகக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எந்தச் சுல்தானாலும் மேடையை விட்டு ஓட ஏலாது.

கவுன்சிலர் ஷெறோன் மேடைக்கு வந்து அவருடைய கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "இப்படியொரு நடிப்பை நான் பார்த்ததேயில்லை" என்றார் ஆங்கிலத்தில். "இவ்வளவு உணர்ச்சியை அவர்களிடமிருந்து எப்படி வரவழைத்தீர்கள்?"

கிருஷ்ணராசாவுக்கு உயிர் திரும்பி வந்தது. தமது சிறந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "அவர்கள் என்னிடம் மூன்று வருடமாக இருக்கிறார்கள். எல்லாம் என்னுடைய பயிற்சி."

"அந்தப் பாஸ்போர்ட்டுகள்கூட அசல்போலவே இருந்தன."

"அசல்தான் மேடம். அவர்களுடையதேதான். என்னுடைய பெட்டியிலிருந்து நானே கொண்டுவந்தேன்."

கவுன்சிலர் கையை விட்டார். "உங்களுடைய பெட்டியில் அவை ஏன் இருந்தன?"

"பத்திரத்துக்கு."

கீழே முன்வரிசையில் சந்திரவதனா தம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தார். பிறகு ஷெறோன் இரண்டு கதிரைகளை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார். தாம் கவுன்சிலின் நவீன அடிமைத்தன ஒழிப்புக் குழுவுக்குத் தலைவர் என்றும், நேரமிருந்தால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொள்ள விரும்புவதாகவும் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அடிமை ஒழிப்புக் குழுவின் தலைவரே தம் வரலாற்றை எழுதுகிறார் என்றால் சும்மாவா! கிருஷ்ணராசா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார். விமான நிலையத்திலிருந்து தொடங்கினார். கோலியர்ஸ் வுட் வீட்டில் ஓர் அறையில் எத்தனை கட்டில் என்பதையும், பூட்டிய வெளிக்கதவின் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் தாமாகவே சொன்னார். கவுன்சிலருக்கு எழுதிக் கை வலித்த இடத்தில் சற்று நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னார். இடையில் ரஜனி வந்து, "போதும், வீட்டை வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தும் அவர் எழவில்லை.

தம்மீதான குற்றப்பத்திரிகையைத் தாமே வாய்மொழிந்து, எழுத்துப்பிழை வராமல் பெயர்களையும் எழுத்துக்கூட்டிச் சொல்லி, எழுதியவருக்கு வடையும் தேநீரும் கொடுத்து, கடைசியில் அவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்ட பெருமகன் நம் இனத்தில் வேறொருவர் இல்லை. இல்லாமற் போனதற்குக் காரணம், மற்றவர்கள் எல்லோரும் நாடகம் போடாமல் பெட்டியைப் பூட்டியே வைத்திருப்பதுதான்.